ஏடு, வீணை, அக்கமாலை

நவராத்திரியின் ஒன்பதாம் நாளன்று நம் இல்லங்களில் மனைப்பலகையின் மீது பட்டு விரித்துப் புத்தகங்களை அடுக்குகிறோம். அதே நாளில் தச்சர் தம் உளியையும், தையற்காரர் கத்தரிக்கோலையும், உழவர் கலப்பையையும் அலம்பி வைத்து வழிபடுகின்றனர். நூலுக்கும் கருவிக்கும் ஒரே மஞ்சள், ஒரே குங்குமம். கலைமகளின் திருவுருவமும் இதையே உணர்த்துகிறது. ஒரு கரத்தில் ஏடு, இரு கரங்களில் வீணை, மற்றொரு கரத்தில் அக்கமாலை. ஏடு அறிந்துகொள்வதற்கு. வீணை கையால் பழகுவதற்கு. அக்கமாலை அறிந்ததையும் பழகியதையும் நாள்தோறும் மீண்டும் செய்வதற்கு. இம்மூன்றும் சேர்ந்ததே கல்வி.

இந்த எண்ணத்தை இவ்வாரம் எழுப்பியது கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு கடிதம். எழுதியவர்கள் எழுபதைக் கடந்த தம்பதியர். பதினான்கு வயதுப் பேத்திக்கு உடல்நலம் குன்றியதால் பள்ளிக்கு அனுப்ப இயலவில்லை. பத்தாம் வகுப்பை வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று பெற்றோர் முடிவு செய்திருக்கின்றனர். மகனும் மருமகளும் பணிக்குச் செல்வதால் பகற்பொழுதுப் பொறுப்பு முழுவதும் தாத்தா பாட்டியைச் சேர்ந்தது. "எந்தப் புத்தகங்களை வாங்குவது? எந்தக் கருவிகள் தேவை? ஒரு நிறுவனத்தார் வீட்டுக்கே வந்து, கைக்கணினியும் பாடங்களும் சேர்ந்த ஒரு தொகுப்பை மாதத் தவணையில் தருவதாகச் சொல்கிறார்கள். கையெழுத்திடலாமா? பழைய எஸ்.எஸ்.எல்.சி. படித்த நாங்கள் இக்காலப் பாடத்தைச் சொல்லித்தர முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு பெண் குழந்தையின் எதிர்காலம் இக்கேள்விகளில் அடங்கியிருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே விடை கூற விரும்புகிறேன்.

அந்த ஊரிலேயே இதற்கோர் உதாரண புருஷர் உண்டு. சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜன் 1903-ஆம் ஆண்டு வாக்கில், பதினைந்து பதினாறு வயதில், கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்றைப் பெற்றார். ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகளை, பெரும்பாலும் விளக்கமின்றி வரிசைப்படுத்திய நூல் அது. அதிலுள்ளவற்றைத் தாமே நிறுவிப் பார்ப்பதையே அவர் தவமாகக் கொண்டார். காகிதத்தின் விலை கட்டுப்படியாகாததால் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதினார். ஒரு நூல், ஒரு சிலேட்டு, ஓயாத பயிற்சி, குலதெய்வமான நாமகிரித் தாயாரிடம் பக்தி. உலகம் வியந்த மேதைமைக்கு அவர் கையிலிருந்த சாதனங்கள் இவ்வளவே.

ஆனால் அவர் வரலாற்றின் மறுபக்கத்தையும் பெரியவர்கள் மறந்துவிடலாகாது. கணிதம் தவிர்த்த பாடங்களில் மனம் செல்லாமையால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை இழந்தார். எஃப்.ஏ. தேர்விலும் அவரால் தேற இயலவில்லை. பிறகு வேலைக்காக அலைந்த ஆண்டுகள் கடினமானவை. நல்ல நூல் அறிவைத் தரும்; சான்றிதழைத் தேர்வுதான் தரும். வீட்டில் படிக்கும் குழந்தைக்கு இரண்டும் வேண்டும். எனவே புத்தகக் கடைக்குப் புறப்படுமுன், குழந்தை எந்தத் தேர்வை எழுதப்போகிறது என்பதை முடிவு செய்வதே முதற்பணி.

கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளைப் பற்றியது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பதினான்கு வயது நிறைந்தவர்களுக்கு மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழி திறந்து வைத்திருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ். என்று சுருக்கமாகக் குறிப்பிடப்படும் இது 1989-இல் தோன்றியது. இதன் செகண்டரி சான்றிதழ் பத்தாம் வகுப்புக்கு இணையானது. ஐந்து பாடங்களில் தேறினால் போதும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு உண்டு. ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டுகள் வரை செல்லும். எல்லாப் பாடங்களையும் ஒரே தேர்வில் எழுத வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. உடல்நலம் தேறி வரும் குழந்தைக்கு இந்தச் சலுகை பெரும் ஆறுதல். இரண்டு பாடங்களை முதலில் முடித்துவிட்டு, மூன்றை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைவுகளுக்கும் மதிப்பெண் உண்டு. அவற்றைத் தவறவிடக் கூடாது. மாநில அரசின் தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வழியும் இருக்கிறது. அதில் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது அவசியம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திறந்தநிலைப் பள்ளியில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருக்கே உண்டு. ஓவியம், மனையியல், கர்நாடக இசை, இந்தியப் பண்பாடு ஆகியவற்றோடு வேதம், சம்ஸ்கிருத இலக்கணம், பாரதிய தரிசனம் போன்ற பாடங்களும் பட்டியலில் உள்ளன. நம்மைப் போன்றவர்களின் உள்ளம் இவற்றைக் கண்டதும் மகிழும். ஆயினும் குழந்தை மேல்நிலையில் அறிவியல் பிரிவில் சேர விரும்பினால், கணிதமும் அறிவியலும் அந்த ஐந்தில் இடம்பெற்றே ஆக வேண்டும். எளிதாக இருக்கிறதென்று அவற்றை விட்டுவிட்டால், இரண்டாண்டுகள் கழித்துக் கதவு அடைபட்டிருப்பது தெரியவரும். நம் விருப்பப் பாடத்தைக் கூடுதல் பாடமாகச் சேர்த்துக்கொள்ளலாம். குழந்தையின் விருப்பப் பாடத்தை அதற்காக நீக்கலாகாது. தமிழ்வழியில் எந்தெந்தப் பாடங்களுக்கு நூல் கிடைக்கிறது என்பதையும் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

இனி ஏட்டைப் பற்றிப் பேசுவோம்.

முதல் வரிசையில் நிற்க வேண்டியது அந்தத் தேர்வுக்குரிய பாடநூல். திறந்தநிலைப் பள்ளியின் பாடநூல்கள் ஆசிரியர் அருகில் இல்லாமலே படிப்பதற்கென எழுதப்பட்டவை. இடையிடையே சிறு வினாக்களும், பாட முடிவில் அவற்றுக்கு விடைகளும் இருக்கும். அவற்றை ஒருமுறை முழுமையாகப் படித்த பின்னரே வேறு நூல் தேவையா என்று தீர்மானிக்கலாம். இரண்டாம் வரிசையில் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் நூல்களும், தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமாகிய என்.சி.இ.ஆர்.டி.யின் நூல்களும் வரும். இரண்டையும் இணையத்தில் கட்டணமின்றிப் பெறலாம். 2018 முதல் மாற்றி எழுதப்பட்ட தமிழகப் பாடநூல்களில் சதுரக் குறியீடுகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. கைப்பேசியால் அவற்றைப் படம்பிடித்தால் அப்பகுதிக்குரிய விளக்கக் காட்சி திறக்கும். ஒரு நூலில் விளங்காத பகுதி மற்றொன்றில் விளங்கிவிடும். ஆகவே ஒரே பாடத்துக்கு இரு அரசு நூல்கள் இருப்பது, விலைகொடுத்து வாங்கும் நான்கு வழிகாட்டி நூல்களைவிட மேலானது.

மூன்றாவது, அகராதி. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போன்ற ஒன்றும், நல்ல ஆங்கில அகராதி ஒன்றும் மேசையின் மீதே இருக்கட்டும். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தையும், பின்னர் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காணலாம். அறிவியற் செய்திகள் சில பழமைப்பட்டிருந்தாலும், ஒரு பொருளைத் தூய தமிழில் விளக்கும் முறைக்கு அவை இன்றும் முன்மாதிரி.

நான்காவது, தேர்வுக்குத் தொடர்பற்ற நூல்கள். இவற்றைச் செலவு என்று எண்ணிவிடக் கூடாது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்', காந்தியடிகளின் 'சத்திய சோதனை', ருஷ்ய எழுத்தாளர் பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' போன்றவை ஒரு பருவத்துக் குழந்தையின் உள்ளத்தைத் திறக்க வல்லவை. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்ட வரலாறு, பள்ளி மணி ஒலிக்காத இடத்திலும் கல்வி எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதைக் காட்டும். வீட்டில் படிக்கும் குழந்தைக்கு அது துணிவைத் தரும்.

நூலைத் தேர்ந்தெடுப்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கடையிலேயே நூலின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து குழந்தையைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு நூலை மூடிவிட்டு, படித்ததைத் தன் சொற்களில் கூறச் சொல்லுங்கள். கூற முடிந்தால் அந்நூல் அவளுக்கு உரியது. அடுத்து, பயிற்சி வினாக்களுக்கு விடை தரப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ஆசிரியர் இல்லாத இடத்தில் விடைப்பகுதியே ஆசிரியர். பதிப்பாண்டையும் நோக்குங்கள். நமக்கும் படிக்கும்படியான எழுத்தளவாக இருந்தால் இன்னும் நன்று.

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதும் இல்லை. நாட்டிலேயே முன்னோடியாக 1948-இல் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. அதன் பயனாக ஊர்தோறும் கிளை நூலகங்கள் உள்ளன. சென்னையில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமரா நூலகமும், 2010-இல் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வெளியூர்ப் பயணத்தின்போது குழந்தைகளை அழைத்துச் செல்லத்தக்க இடங்கள். கோயிலுக்குச் செல்வதுபோல் வாரம் ஒரு நாளை நூலகத்துக்கென ஒதுக்குங்கள்.

அடுத்து வீணை, அதாவது கருவிகள்.

வடிவியல் பெட்டி, வரைபடத் தாள், உலக உருண்டை, சுவரில் மாட்டும் இந்திய வரைபடம், கரும்பலகை, ஒரு கைலென்ஸ், ஒரு காந்தம், ஒரு வெப்பமானி. தொடக்கத்துக்கு இவை போதும். எஞ்சிய ஆய்வுக்கூடம் நம் பூஜையறையிலும் அடுக்களையிலும் ஏற்கெனவே இருக்கிறது.

ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்ததும் அது செந்நிறமாவதை நாம் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறோம். மஞ்சள் ஓர் இயற்கை நிறங்காட்டி, சுண்ணாம்பு காரம். அந்த நீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சள் நிறம் தோன்றும். அது அமிலத்தின் செயல். பத்தாம் வகுப்பு வேதியியலின் முக்கியப் பாடம் ஒன்று இதில் முடிந்துவிடுகிறது. திறந்து வைத்த கற்பூரம் உருகி நீராகாமல் நேரே ஆவியாகிக் குறைவது பதங்கமாதல். அகல்விளக்கில் எண்ணெய் திரி வழியே மேலேறிச் சுடரை அடைவது நுண்புழை ஏற்றம். பாட்டி இவற்றைச் செய்து காட்டட்டும். பேத்தி காரணத்தைப் பாடநூலில் தேடிச் சொல்லட்டும்.

பஞ்சாங்கமும் ஒரு கணிதக் கருவியே. சூரியனிடமிருந்து சந்திரன் 12 பாகை விலகுவதற்கு ஆகும் காலம் ஒரு திதி. 30 திதிகள் சேர்ந்தால் 360 பாகை. அந்த 360 பாகையை 27 நட்சத்திரங்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 13 பாகை 20 கலை. இந்த வகுத்தலை அவளையே செய்யச் சொல்லிவிட்டு, மாலையில் மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று வளர்பிறைச் சந்திரனைக் காட்டுங்கள். கோணம் என்ற சொல்லுக்கு அன்று உயிர் வந்துவிடும்.

கோயிலுக்குச் செல்லும் நாளில் ஒரு மீட்டர் குச்சியையும் அளவு நாடாவையும் எடுத்துச் செல்லலாம். வெயிலில் குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டராக இருக்கும் அதே நேரத்தில், கோபுரத்தின் நிழல் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கோபுரத்தின் உயரம் 50 மீட்டர். வடிவொத்த முக்கோணங்கள் என்னும் பாடம் இதுதான். நிழலைச் சுவரோரத்திலிருந்து அளக்காமல், கோபுர அடித்தளத்தின் நடுப்பகுதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்பதை அவளே கண்டுபிடித்தால், அந்தப் பாடம் ஆயுளுக்கும் மறவாது.

வரலாற்றுக்குக் கல்வெட்டுகள் உண்டு. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் திருக்கோயிலில் முதலாம் இராசேந்திர சோழர் காலத்துக் கல்வெட்டொன்று, அங்கு நடந்த கல்லூரியைப் பற்றிக் கூறுகிறது. இளநிலை மாணவர் 270 பேர், மேல்நிலை மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். அவர்களுக்கு அளக்க வேண்டிய நெல் வரை கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். சோழர் ஆட்சியைப் பற்றிப் பாடநூலில் படிக்கும் குழந்தை, கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோயில்களில் கல்லெழுத்தைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பைப் பெற்றிருக்கிறாள். பெருநகரக் குழந்தைகள் பலருக்குக் கிடைக்காத செல்வம் இது.

மின்கருவிகளையும் ஒதுக்க வேண்டியதில்லை. வீட்டில் கணினியோ, சற்றே பெரிய திரையுள்ள கைப்பேசியோ ஒன்றிருந்தால் போதும். மத்திய அரசின் தீக்ஷா தளம், 2019-இல் தொடங்கிய நம் மாநிலக் கல்வித் தொலைக்காட்சி, கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, கான் அகாடமி ஆகிய யாவும் கட்டணமற்றவை. கருவி கூடத்தில் இருக்கட்டும். படுக்கையறைக்குச் செல்ல வேண்டாம்.

இப்போது தவணைத் தொகுப்பைப் பற்றி. வங்கியில் கடன் பிரிவிலும் பணியாற்றியவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். விற்பனையாளர் "மாதக் கட்டணம்" என்று சொல்லும் தொகை பல வேளைகளில் கட்டணமே அன்று. அது கடன் தவணை. பாடம் தருபவர் ஒருவர், கடன் தருபவர் வேறொருவர். குழந்தைக்குப் பாடம் பிடிக்காமல் மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டாலும், கடன் ஒப்பந்தம் தானாக நின்றுவிடாது. தவணை ஓய்வூதியக் கணக்கிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 60,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு வட்டி, 24 மாதங்கள் என்கிறார்கள். முழுத் தொகைக்கும் இரண்டாண்டு வட்டி 14,400 ரூபாய். மொத்தம் 74,400, மாதம் 3,100. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முதல்நாள் அசலுக்கே வாங்கப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி 21 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கையே பேத்திக்கு ஒரு பாடமாகக் கொடுங்கள். வணிகக் கணிதம் என்பது இதைவிட வேறில்லை.

ரிசர்வ் வங்கியின் மின்வழிக் கடன் நெறிமுறைகளின்படி, கடனின் மொத்தச் செலவைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் பெறுபவருக்கு முன்கூட்டியே தர வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்குள் அபராதமின்றிக் கடனைத் திருப்பிக் கொடுத்து விலகும் வசதியும் உண்டு. அந்தத் தாளைக் கேளுங்கள். அதைப் படித்து, மகனும் மருமகளும் வீட்டிலிருக்கும் நேரத்தில் கலந்து பேசும்வரை கையெழுத்திட வேண்டாம்; கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணையும் சொல்ல வேண்டாம். "இன்றே சேர்ந்தால்தான் சலுகை" என்பவருக்கு மோர் கொடுத்து அன்போடு வழியனுப்புங்கள். பேத்தி பின்தங்கிவிடுவாளோ என்னும் நம் அச்சமே அவர்களுடைய மூலதனம்.

கடைசியாக, அக்கமாலை.

எத்தனை சிறந்த நூலும் கருவியும் இருந்தாலும், நாள்தோறும் உருட்டப்படாத மாலை வெறும் மணிகளே. காலையில் உடல் இடம் கொடுக்கும் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாள் பழைய வினாத்தாளைக் கடிகாரம் பார்த்து எழுதச் செய்யுங்கள். பேசத் தெரிந்த குழந்தைகள் பலர் தேர்வுத்தாளில் தடுமாறுவது எழுதிப் பழகாமையால்தான்.

"எங்களால் சொல்லித்தர முடியுமா?" என்று கேட்டீர்கள். நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டால் போதும். "தாத்தாவுக்கு இது புரியவில்லை, நீ சொல் அம்மா" என்று அமர்ந்துவிடுங்கள். உங்களுக்கு விளங்கும்படி அவள் சொல்லிவிட்டாளானால், அவளுக்கு விளங்கிவிட்டது என்று பொருள். அவள் தயங்கும் இடத்தைக் குறித்து வைத்து, வாரம் ஒருமுறை தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் அழைத்துச் சென்று தெளிவு பெறுங்கள். பாகவதத்தில் அவதூதர் மண்ணையும் காற்றையும் தேனீயையும் உள்ளிட்ட இருபத்து நால்வரைத் தம் குருவாகக் கூறுகிறார். கேட்கும் மனமிருந்தால் ஆசிரியருக்குப் பஞ்சமில்லை.

ஒன்றை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது தோழமை. பதினான்கு வயதுப் பெண் நாள் முழுவதும் பெரியவர்களோடு மட்டும் இருப்பது நல்லதன்று. தேவார வகுப்பு, கோயில் உழவாரப்பணி, இசை வகுப்பு, பழைய பள்ளித் தோழியரின் வருகை என ஏதேனும் ஒன்றை வாரந்தோறும் உடல்நிலைக்கு ஏற்ப அமைத்துக் கொடுங்கள். பிரகாரத்தில் எதிர்ப்படும் உறவினர் "ஏன் பள்ளிக்குப் போகவில்லை?" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டால், அவள் பதில் சொல்லும் நிலைமையை வைக்காதீர்கள். "வீட்டிலிருந்து படிக்கிறாள், தேர்வு எழுதப்போகிறாள்" என்று நீங்களே முந்திக்கொண்டு, தலைநிமிர்ந்து சொல்லுங்கள். குழந்தைக்கு நாம் தரக்கூடிய பெரிய சாதனம் அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆக, கும்பகோணத்து அன்பர்களுக்கு என் விடை இது. முதல் மாதத்தில் தேர்வுப் பதிவு, பாடநூல், அகராதி, வடிவியல் பெட்டி, நூலக உறுப்பினர் அட்டை. இவற்றுக்கு மேல் எதுவும் வேண்டாம். மூன்று மாதம் கழித்து அவளையே அருகில் அமர்த்திக்கொண்டு, எது பயன்பட்டது, எது தூசு படிந்து கிடக்கிறது என்று பட்டியலிடுங்கள். அடுத்த நூலை அவள் தேர்ந்தெடுக்கட்டும். தவணைத் தொகுப்புக்கு இப்போது அவசரமில்லை.

பூந்தோட்டம் அருகே கூத்தனூரில் கோயில் கொண்ட கலைவாணி உங்களுக்கு அண்மையிலேயே இருக்கிறாள். பேத்திக்கு உடல்நலம் இடம் கொடுக்கும் ஒரு நன்னாளில் அழைத்துச் சென்று, அவள் படிக்கப்போகும் நூலையும் எழுதப்போகும் பேனாவையும் சந்நிதியில் வைத்து எடுத்து வாருங்கள். அன்னையின் அருளால் அவள் பரிபூரண நலம் பெற்று, தேர்விலும் வாழ்விலும் வெற்றி காண்பாளாக.